ஐந்து கோடுகள்

"எழுதிக்கிறீங்களா? ரீட்லிங்கர்... கோடு. ஹைட்சுங்... கோடு. பாட்... கோடு. உண்ட்... கோடு. வாசர்... கோடு. மைஸ்டர்பெட்ரீப். அப்புறம் புள்ளி டிஇ. இல்லைங்க, கோடுதான். நடுவுல போடற சின்னக் கோடு."

எபர்ஹார்ட் ரீட்லிங்கர் போனை வைத்தபோது அவருடைய காபி ஆறிப் போயிருந்தது.

ஹீட்டர், குளியலறை, தண்ணீர்க் குழாய், மாஸ்டர் பட்டம் என்று மொத்தத் தொழிலையும் ஜெர்மன் மொழியில் ஒரே மூச்சில் சொல்லும் அந்த இணைய முகவரியை ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவரேதான் பிடிவாதமாக வாங்கினார். ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் மகள் ஸ்வென்யாவுக்கு அன்றிலிருந்து தலைவலி.

"சுருக்கமா ஒரு பேர் வெச்சிருக்கலாம்பா."

"என்ன வேலை செய்யறோம்னு முழுசா சொல்ல வேண்டாமா? கசாப்புக்கடை க்னாப்புக்கே நாலு கோடு. சர்ச் பாட்டுக்குழுவுக்கு ஆறு. நாம என்ன குறைஞ்சவங்களா?"

"பாட்டுக்குழுவோட இணையப் பக்கத்தைப் பாட்டுக்குழுவே இன்னும் பார்த்ததில்லை."

வேனில் அந்தப் பெயர் டிரைவர் கதவில் ஆரம்பித்துப் பின்கதவில் போய் முடியும். பக்கக் கதவைத் தள்ளித் திறந்தால் நடுவில் 'வாசர்', அதாவது தண்ணீர், மட்டும் மறைந்துவிடும்.

"என்ன எபர்ஹார்ட், இன்னிக்கும் தண்ணி வரலையா?" என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை.

ஸ்வென்யாவும் சேர்ந்துதான் சிரித்துக்கொண்டிருந்தாள், நவம்பர் மாதம் பேக்கரியில் திருமதி ஓலிங்கரைப் பார்க்கும்வரை. இருபது வருஷ வாடிக்கைக்காரர்.

"குளியலறை பிரமாதமா வந்திருக்கும்மா. உங்க சித்தப்பா கையில நல்ல சுத்தம்."

"சித்தப்பாவா?"

"உங்க பக்கத்தைத் தேடித்தான் போன் பண்ணேன். லோதார் வந்து நின்னாரு. அண்ணன் தம்பி ஒண்ணு சேர்ந்துட்டாங்கன்னு சந்தோஷப்பட்டேன்."

"பேரை அடிக்கும்போது கோடு போட்டீங்களா?"

"அஞ்சு கோடு யாரும்மா போடுவாங்க? எல்லாத்தையும் சேர்த்தடிச்சேன்."

லோதார் எபர்ஹார்டின் தம்பி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மா வீட்டுச் சமையலறைக்கு எந்தக் குழாய் மாட்டுவது என்று ரெண்டு பேருக்கும் தகராறு. குழாயோடு நிற்கவில்லை. லோதார் பட்டறையை விட்டுப் போய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாகத் தொழில் ஆரம்பித்தார். அன்றோடு பேச்சு நின்றது. கிறிஸ்துமஸ் பூசையில்கூட ஆளுக்கொரு கோடியில்தான் உட்காருவார்கள்.

ஸ்வென்யா ஆபீசுக்கு ஓடி வந்து, கோடில்லாமல் அடித்துப் பார்த்தாள். லோதாரின் பக்கம் திறந்தது. படத்தில் ஸ்பேனரைத் தோளில் சாத்திக்கொண்டு சித்தப்பா சிரித்தார்.

"அப்பா, சித்தப்பா நம்ம பேரைத் திருடிட்டாரு."

எபர்ஹார்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "அப்படியா?"

"அப்படியாவா? கோடில்லாத பேரை வாங்கிப் போட்டுட்டு, நமக்கு வர்றவங்களை அள்ளிக்கிட்டுப் போறாரு. விசாரிச்சேன். இந்த மாசம் மட்டும் நாலு வீடு."

"குளிர்காலம். இருக்கிற வேலைக்கே நமக்கு ஆள் பத்தலை. விடு."

"வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போறேன்."

"வேண்டாம்."

"தம்பின்னா உங்களுக்கு பயம்."

"சரி, பயம்னே வெச்சுக்கோ."

அவளால் அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை. ஊரே அப்பாவை ஏமாளி என்று சொல்வது போல அவளுக்குப் பட்டது. அவரிடம் சொல்லாமலே வக்கீலைப் பார்த்தாள்.

"அனுப்பலாம். ஆனா அந்தப் பேர் உங்க சித்தப்பா பேர்லதான் பதிவாகியிருக்குன்னு காயிதம் வேணும்" என்றார் வக்கீல்.

காரணத்தை விளக்கி இணையப் பெயர்ப் பதிவு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது.

பிரித்துப் படித்தாள். மறுபடி படித்தாள். கடிதத்தோடு நேரே பட்டறைக்குப் போனாள்.

எபர்ஹார்ட் ஒரு பழைய பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கோடில்லாத பேரோட சொந்தக்காரர் எபர்ஹார்ட் ரீட்லிங்கர்னு போட்டிருக்கு."

அவர் நிமிரவில்லை. "எழுத்துப் பிழை இல்லாம போட்டிருக்காங்களா?"

"அப்பா."

எபர்ஹார்ட் துணியில் கையைத் துடைத்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி லோதார் வேனை விக்கப் போறதா பேப்பர்ல விளம்பரம் குடுத்திருந்தான். வேனை வித்துட்டு ஒரு குழாய்க்காரன் எதுல போவான்? தோள்ல தூக்கிட்டா?"

"அதனால?"

"கோடு போட்ட பேரையும் வாங்கினேன், போடாத பேரையும் வாங்கினேன். போடாததை அடிச்சா அவன் பக்கம் திறக்கற மாதிரி பண்ணிட்டேன். ஒரு கோடுன்னா ஜனங்க ஞாபகம் வெச்சுப்பாங்க. அஞ்சுன்னா பாதிப் பேர் விட்டுடுவாங்க."

ஸ்வென்யா கடிதத்தை மடித்தாள்.

"நேரா கூப்பிட்டு வேலை குடுத்திருக்கலாமே?"

"நான் குடுத்தா மூஞ்சியில விட்டெறிவான்."

"அப்ப, இப்ப மட்டும் எப்படி?"

எபர்ஹார்ட் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி பம்ப்பின் மேல் குனிந்தார்.

"இப்ப என் வாடிக்கைக்காரங்களை என்கிட்டேருந்து தட்டிப் பறிக்கிறதா நெனச்சுக்கிட்டு, சந்தோஷமா வேலை செய்யறான். நோட்டீஸ் கீட்டீஸ் அனுப்பி அதைக் கெடுத்துடாத."