அந்த சோப்பு

"பையனோட அப்பா டைரக்டராம், டைரக்டர். அதுவும் அந்த சோப்புக் கம்பெனியில. ஊர் உலகத்துல உனக்கு வேற பையனே கிடைக்கலையாம்மா?"

கேட்டவர் செயலாளர். பணிமனையிலிருந்து ஓய்வு பெற்று, தொழிற்சங்கச் செயலாளர் பொறுப்பையும் இளையவர்களிடம் ஒப்படைத்துப் பல காலமாகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். அவர் மனைவியே வெளியாட்களிடம், "செயலாளர் தூங்குறார், அப்புறம் வாங்க" என்றுதான் சொல்வாள்.

"நான் பையனைத்தான்ப்பா பாத்தேன்," என்றாள் கடைசி மகள். "அவங்க அப்பா என்ன பண்றார்னு அப்புறம்தான் தெரியும். அதுவுமில்லாம, அங்க டைரக்டர்னா நீங்க நினைக்கிற மாதிரி..."

"டைரக்டர்னா டைரக்டர்தான். அதுல என்ன தினுசு தினுசா?"

"அந்தக் கம்பெனி எப்பவோ கை மாறிடுச்சுன்னு பேப்பர்லகூடப் போட்டிருந்தாங்களேங்க," என்று மனைவி மெல்ல ஆரம்பித்தாள்.

"கை மாறினா புத்தி மாறிடுமா? முதலாளி முதலாளிதான். பேப்பர்காரன் அவன் பக்கம்தான் எழுதுவான்."

மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. "நீங்க மனசாரச் சரின்னு சொன்னாத்தான் கல்யாணம். இல்லேன்னா இவரும் வேண்டாம், வேற யாரும் வேண்டாம்" என்று போன வாரமே சொல்லிவிட்டாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால் செயலாளர் சமாளித்திருப்பார். பாத்திரம் துலக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னதை எப்படிச் சமாளிப்பது என்றுதான் தெரியவில்லை. அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

அந்த வீட்டில் அந்த சோப்பின் பெயரைக்கூட யாரும் உச்சரிப்பதில்லை. வெறும் 'அந்த சோப்பு'தான். உறவுக்காரர் வீட்டில் தங்க நேர்ந்தால் செயலாளர் தம்முடைய சோப்பைத் தாளில் சுற்றிப் பையில் எடுத்துக்கொண்டு போவார். ஊரில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கி, அதை அலமாரியிலிருந்தே இறக்க வைத்தவர் அவர். பாதிப் பேர் கொள்கைக்காக இறக்கினார்கள். மீதிப் பேர் அவர் வாய்க்குப் பயந்து இறக்கினார்கள்.

பையனின் அப்பா அன்று மாலை பேச வந்தார். காரை எதிர்பார்த்து ஜன்னலோரம் நின்ற செயலாளருக்கு ஏமாற்றம். மனிதர் பஸ்ஸில் வந்து இறங்கி, தெருமுனையில் வழி கேட்டு, வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். சட்டைக் காலர் நைந்திருந்தது. நடிப்பு என்று முடிவு கட்டினார் செயலாளர்.

வந்தவர் கை கழுவப் போனார். கழுவிய பிறகும் திரும்பவில்லை. அங்கிருந்த சோப்பை எடுத்து முகர்ந்து, விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசனை பரவால்ல," என்றார். "ஆனா தண்ணியில கிடந்தா கொழகொழன்னு ஆயிடும்."

"ஆகட்டும். எங்க மனசாட்சி கரையாம இருக்கு."

மனைவி அவசர அவசரமாகத் தேநீரைக் கொண்டு வந்து வைத்தாள். மகள் கதவோரம் நின்றாள்.

"எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது," என்றார் செயலாளர். "உங்க பையன் மேல ஒரு குறையும் இல்ல. தங்கமான பையன். உங்க சோப்புதான் இடிக்குது."

"எங்க சோப்பு என்ன பண்ணுச்சு ஐயா?"

"முப்பத்தஞ்சு வருஷம் முன்னால உங்க ஃபாக்டரியில ஸ்ட்ரைக். உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது? அப்ப ஒரு இருபது வயசுப் பையன் எங்க பணிமனை வாசலுக்கு வந்தான். ஒல்லிக்குச்சி. ஸ்டூல் மேல ஏறி நின்னு, 'எங்க வீட்டுல அடுப்பு எரியல, தோழர்களே. இந்த சோப்பை வாங்காதீங்க. நாங்க திரும்பி வந்து சொல்ற வரைக்கும் வாங்காதீங்க'ன்னான். பேசி முடிச்சு இறங்கறப்ப தலை சுத்தி விழுந்தான். பசி. நான்தான் தூக்கி விட்டேன். வாங்க மாட்டோம்னு வாக்குக் கொடுத்தேன்."

"அப்புறம்?" வந்தவர் எடுத்த தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"அப்புறம் என்ன? இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல. அந்தப் பையனை என்ன பண்ணாங்களோ, இருக்கானோ இல்லையோ. அவனை நான் இன்னும் மறக்கல." செயலாளர் மகளைப் பார்க்காமலே பேசினார். "என் பொண்ணு கல்யாணத்தைப் பாக்கணும்னு எனக்கு ஆசை இல்லையா? ஆனா அந்தக் கம்பெனி டைரக்டரைச் சம்பந்தின்னு கூப்பிட்டா, நாளைக்கு அந்தப் பையன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

மகள் உள்ளே போய்விட்டாள். வந்தவர் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"எல்லா ஊர்லயும் எங்க சரக்கு ஓடுது," என்றார் கடைசியில். "இந்த ஊர்ல மட்டும் ஒரு கட்டி நகர மாட்டேங்குது. தண்ணியில ஏதாவது கோளாறோன்னு ஆள் அனுப்பி, உங்க ஊர்த் தண்ணியைக்கூட டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டோம்."

"நகராது. நான் உயிரோட இருக்கற வரைக்கும் விட மாட்டேன்."

வந்தவர் எழுந்து வந்து செயலாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தோழர், அந்த ஸ்ட்ரைக்ல முதலாளி கதவைச் சாத்திட்டு ஓடிட்டான், அன்னியிலேர்ந்து தொழிலாளிங்க நாங்களேதான் ஃபாக்டரியை நடத்துறோம், டைரக்டரையும் எங்களுக்குள்ள ஓட்டுப் போட்டுத்தான் வைக்கிறோம்," என்றார். "அந்தச் சந்தோஷத்துல, இங்க திரும்பி வந்து உங்ககிட்டச் சொல்லணும்கறதை நான்தான் சுத்தமா மறந்துட்டேன்."