பச்சைப் புள்ளிகள்

பிற்பகலிலும் நுண்ணோக்கி அறை இருட்டாக இருக்கிறது. திரைச்சீலையின் ஓரமாக வழிந்த வெயில் மட்டும் ஒரு கோடாகத் தரையில் கிடக்கிறது. நரம்புகளின் உறையை அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயால் இறந்த யாரோ ஒருவரின் மூளையிலிருந்து சீவிய மெல்லிய துண்டு கண்ணாடித் தகட்டில் இருக்கிறது. ஆராய்ச்சி செய்பவள் எழுந்து தன் அண்ணனுக்கு இடம் விடுகிறாள். அவனுக்கும் அதே நோய்தான். ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க வந்தவன், ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டுக் குனிகிறான். வலது கண்ணில் எல்லாமே மங்கல். இடது கண்ணை வைக்கிறான். கறுப்பில் சிவப்புத் திட்டுகள், நடுவே பச்சைப் புள்ளிகள். "சிவப்பு, மூளை வீங்கின இடம். பச்சை, வைரஸ்," என்கிறாள். "அப்போ இதுதான் குத்தவாளியா?" "சம்பவ இடத்துல இருக்கு. இதுதான் செஞ்சுதான்னு இன்னும் தெரியல." அவன் சிரிக்கிறான். மூலையில் குளிர்பதனப் பெட்டி உறுமி அடங்குகிறது. "யாரு இவங்க?" "பேரு சொல்ல மாட்டாங்கண்ணா. உயிரோட இருக்கும்போதே மூளையைத் தானமா எழுதிக் கொடுத்தவங்க." அவன் கண்ணை எடுக்கவில்லை. "என்னோடதையும் எடுத்துக்கோ. ஆனா நீ சீவாத, வேற யாரையாவது சீவச் சொல்லு." அவள் கைநீட்டி, நுண்ணோக்கியின் திருகைத் திருப்புகிறாள். பச்சை கலங்குகிறது. "நல்லாத்தானே தெரிஞ்சுது," என்கிறான் அவன், "ஏன் திருகற?"