ரொட்டி வண்டி

அந்த அம்மாள் பலகைமேல் நீட்டி நிமிர்ந்து படுத்து, இரண்டு கைகளையும் மார்பில் சேர்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் தச்சர் நின்றிருந்தார்.

"காலை நீட்ட முடியுது தம்பி," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "பஸ் ஸ்டாப் பெஞ்சுல நடுவுல கம்பி அடிச்சுட்டாங்க. மடங்கிப் படுத்துப் படுத்து முதுகு கேள்விக்குறியாயிடுச்சு."

வீடில்லாதவர்கள் தங்குவதற்காகப் பழைய மரவண்டிகளைச் சின்ன அறைகளாக மாற்றிக்கொண்டிருந்தார் தச்சர். மூன்று தயார். ஒன்று, ஆடு மேய்ப்பவர்கள் மேய்ச்சல் காலத்தில் குடியிருந்தது. இன்னொன்று வைக்கோல் வண்டி. அந்த அம்மாள் படுத்திருந்தது, ஊரின் பழைய பிணவண்டி.

கறுப்பைச் சுரண்டிவிட்டு நீலம் பூசியிருந்தார். ஜன்னல் வெட்டி, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தார். சவப்பெட்டி நகராமல் கட்டுகிற இரும்பு வளையங்களைத் தரையிலிருந்து பிடுங்கி, ஓட்டைகளில் மரத்துண்டு செருகி இழைத்திருந்தார்.

வெளியே தெரிந்தால் ஒருத்தரும் குடிவர மாட்டார்கள், மூச்சு விடாதே என்று மேஸ்திரி சொல்லி வைத்திருந்தார். தச்சரின் மனைவி சொன்னது வேறு. "தெரிஞ்சவங்க அதுல தூங்க மாட்டாங்க. தெரியாதவங்களைத் தூங்க வெச்சா நீங்க தூங்க மாட்டீங்க."

ஊரில் காய்ச்சல் பரவிய வருஷத்தில் அந்த அம்மாளின் கணவர் இறந்துபோனார். பின்னாலேயே வாடகை நின்றது. வீட்டுச் சொந்தக்காரர் சாமான்களைத் தெருவில் இறக்கினார். அதன் பிறகு பெஞ்சுதான். இப்போது மழை வேறு பிடித்துக்கொண்டது.

ஆட்டுக்காரர் வண்டியில் அடுப்பு இருக்கிறது, கூரையும் கெட்டி என்று தச்சர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளதைச் சொன்னால் மூன்று வண்டியையும் சந்தேகப்பட்டு, பெஞ்சுக்கே திரும்பி மழையில் நனைவாரோ என்று தச்சருக்குப் பயம்.

"இது ரொட்டி வண்டி அக்கா," என்றார், யாரும் கேட்காமலே. "பேக்கரிக்குப் போய்க்கிட்டிருந்தது."

"அப்படியா," என்று எழுந்து உட்கார்ந்த அந்த அம்மாள் தரைப்பலகையைத் தடவினார். சாயத்துக்கு அடியில் மரத்துண்டு செருகிய இடத்தில் விரல் நின்றது. அங்கிருந்து நகர்ந்து, பார்க்காமலே, எதிர்ப்பக்கத்து ஓட்டையில் போய் நின்றது.

"பிசிறு இருக்காக்கா? இழைச்சுத் தர்றேன்."

"வேணாம். அது இருக்கட்டும்."

அவருடைய மூட்டை ஒன்றே ஒன்று. அதைத் தலைமாட்டில் வைத்துவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினார். தச்சர் சாவியை நீட்டினார், ஆனால் விடவில்லை.

"அக்கா, நான் சொன்னது பொய். இது ரொட்டி வண்டி இல்ல, பிணவண்டி. மன்னிச்சுக்குங்க. மழையில போயிடாதீங்க, அந்த ஆட்டுக்காரர் வண்டியிலயாவது இருங்க."

அந்த அம்மாள் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"தெரியும் தம்பி. அவரை ஏத்தினப்ப என்னைக் கூட ஏற விடல."