பிரேக் இல்லாத பஸ்

கிரீஸ் படிந்த கையோடு சங்ககிரி கோர்ட்டுக்குள் ஓடி வந்து கூண்டில் ஏறினான் டிரைவர் மாதையன்.

"கேசு நாளும் அதுவுமா எங்க போயிட்டீங்க? செயிலுக்குப் போக அத்தனை ஆசையா?" என்று பல்லைக் கடித்தாள் அவன் மனைவி செல்லியம்மாள்.

பஸ் முதலாளி கந்தப்பன் வாக்குமூலம் கொடுத்தார். "சந்தை நாளுங்க சாமி. பஸ்ஸை எடுடான்னேன். ஸ்டார்ட் பண்ற இரும்புக் கம்பியை ஓங்கி, 'வண்டியைத் தொட்டா மண்டையைப் பொளந்துபோடுவேன்'னு இவன் மெரட்டுனான் சாமி!"

"அப்படிச் சொன்னாயா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"சொன்னேனுங்க. பிரேக்கு புடிக்கலைங்க. அத்தனை சனத்தை ஏத்திக்கிட்டு இறக்கத்துல எப்படீங்க போறது?"

"பச்சைப் பொய்ங்க! பிரேக்கை அழுத்துனா வண்டி கல்லாட்டம் நிக்கும்" என்றார் கந்தப்பன்.

மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்லது. பஸ்ஸைக் கொண்டுவரச் சொல்லும். நீரே முன்சீட்டில் உட்கார்ந்து அந்த இறக்கத்தில் ஒருமுறை போய்வாரும். பிரேக் பிடித்தால் இவனுக்கு ஆறு மாதம்."

கந்தப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. அன்றைக்கு அவர் கோர்ட்டுக்கு வந்ததே மாட்டு வண்டியில்தான்.

"புகாரை... வாபஸ் வாங்கிக்கறேனுங்க சாமி."

வெளியே வந்ததும் செல்லியம்மாளுக்குப் போன உயிர் திரும்பியது. "மாரியாத்தா காப்பாத்திட்டா! அது சரி, காலையில எங்கதான் போனீங்க?"

"மொதலாளி இங்க கெளம்புனதும் பஸ் ஷெட்டுக்குப் போனேன். இன்னைக்குப் புது டிரைவர் சனத்தை ஏத்திக்கிட்டுப் போறானாம், மனசு கேக்கலை." மாதையன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "பிரேக்கைச் சரிபண்ணிட்டுத்தான் வந்தேன். இப்ப அழுத்துனா, கல்லாட்டம் நிக்கும்!"