முன் வரிசை ஊசி

முன் வரிசையில் அந்த அம்மாள் ஊசியை வெளியே எடுத்ததுமே ஷிரீன் பக்கத்திலிருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பிஸ்மி சொல்லிக்கம்மா. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்” என்று காதோடு சொன்னாள் அம்மா சம்சாத் பேகம்.

“இருபது நிமிஷம்மா. கண்ண மூடிட்டு எப்படிப் பேசறது?”

ஆஸ்பத்திரி இல்லை அது. ஸ்கூடாய் நகரில் ஒரு ஹோட்டல் மண்டபம். பழைய உடைகளையும் தையல் வேலைகளையும் பற்றிய மாநாட்டில் தமிழ் அமர்வு. இங்கே வருகிறவர்கள் பூத்தையலை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டேதான் பேச்சைக் கேட்பார்கள். அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

ஊசி எடுத்தவர் பேராசிரியர் செல்லப்பாக்கியம். முனைவர் பட்ட ஆய்வுக்கு அவரிடம்தான் ஷிரீன் இடம் கேட்டிருந்தாள். போனில் வந்த பதில் சுருக்கமாக இருந்தது.

“வந்து பேசு பிள்ளை. நல்லாயிருந்தா எழும்பி ஒரு கேள்வி கேப்பன். இல்லாட்டி இருந்த இடத்திலயே இருப்பன். பிறகு நீ என்னைத் தேடி வர வேண்டாம்.”

இடம் கிடைக்காவிட்டால், மாசாயில் அத்தாவின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கெமிஸ்ட்ரி படித்த பிள்ளை கல்லாவில் உட்காரப் போகிறது என்று அவர் இப்போதே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

முதலில் பேசியவர் ரூபேந்திரன். பேராசிரியர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். மனிதருக்குச் சட்டையெல்லாம் வியர்த்துவிட்டது, முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்துப் பேசியவருக்கு அவர் எழவில்லை. அந்த மனிதர் மேடையை விட்டு இறங்கியவர், சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது ஷிரீனின் முறை. கல்யாண ரவிக்கை ஒன்றின் கறைகள் பற்றிய பேச்சு. ‘தொவைச்சாப் போற கறைக்கு ஒரு மாநாடா லா?’ என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

மேடை ஏறினாள். தண்ணீர் குடித்தாள். திரையில் படத்தைப் போட்டாள்.

“இது லாயாங் லாயாங்ங்கிற ஊர்ல ஒரு வீட்டுப் பெட்டியில கிடைச்ச நீளக்கை ரவிக்கை. கல்யாணத்தன்னிக்கு ஒரே ஒரு நாள் போட்டு, மடிச்சு வச்சதுன்னு வீட்டுக்காரங்க சொல்றாங்க. மாப்பிள்ளை வீடு அடுத்த தெருவாம்.”

குரல் மெல்லத் தெளிந்தது.

“ஆனா வலது கையில மட்டும் கரிப்புகை படிஞ்சிருக்கு. மைக்ராஸ்கோப்புல பார்த்தேன். அடுப்புக்கரி இல்ல. ரயில் எஞ்சின் கரி. இதைப் போட்டிருந்தவங்க ஜன்னலோரமா உக்காந்து, கையை வெளியே விட்டுக்கிட்டு ரொம்ப தூரம் போயிருக்காங்க.”

மண்டபத்தில் ஒவ்வோர் ஊசியாக நின்றது.

“அடுத்த தெருவுக்கு ஏன் ரயில்ல போகணும்?” என்று கேட்டு நிறுத்தினாள் ஷிரீன்.

“அலமாக்! ஓடிட்டா!” என்று கடைசி வரிசையிலிருந்து கத்தினாள் சம்சாத் பேகம்.

மண்டபமே சிரித்தது. ஷிரீனும் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். பிறகு முன் வரிசையைப் பார்த்தாள்.

அந்த ஓர் ஊசி மட்டும் நிற்கவில்லை. பேராசிரியரின் கண்கள் திரையை விட்டு அகலவே இல்லை. மேசைக்குக் கீழே மடியில் கை மட்டும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஷிரீன் பார்த்தது அந்தக் கையைத்தான்.

எப்படியோ பேசி முடித்தாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பேராசிரியர் உட்கார்ந்தபடியே தட்டினார்.

“கேள்வி ஏதாவது?” என்றார் அமர்வுத் தலைவர். அத்தனை தலைகளும் முன் வரிசைப் பக்கம் திரும்பின.

பேராசிரியர் மேசையில் கையூன்றினார். ஓர் அங்குலம் எழுந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, அப்படியே உட்கார்ந்து, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

ஷிரீனுக்குக் கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருந்தது. யாரோ இருவர் ஏதோ கேட்டார்கள். இவளும் ஏதோ சொன்னாள். சாப்பாட்டு மணி அடித்தது. கூட்டம் நாசி லெமாக் சோற்றைத் தேடிப் போனது.

“எந்திரிக்கிற மாதிரி எந்திரிச்சுட்டு உக்காந்துட்டாங்களே! நேராப் போயி ஏன்னு கேளு” என்றாள் அம்மா.

“வேணாம்மா. அவங்க முன்னாடியே சொல்லிட்டாங்க. வா, கடைக்கே போலாம்.”

“உனக்கு வாய் இல்லன்னா நான் போயிக் கேக்கறேன்.”

“அம்மா, பிளீஸ்!”

மண்டபம் காலியாகிவிட்டது. பேராசிரியர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு ஷிரீனை நோக்கி விரலை மடக்கி, வா என்றார்.

ஷிரீன் கிட்டே போனாள். திட்டு வாங்குவதற்கு முன்னால் தானே முடித்துவிடலாம் என்று தோன்றியது.

“பரவாயில்ல டாக்டர். எனக்குப் புரியுது. நீங்க எந்திரிக்காததுலயே…”

“சத்தம் போடாத. கத்தரிக்கோல் இருக்கோ பிள்ளை? உன்ர பேச்சில மயங்கி, என்ர சேலையை இந்த மேசைவிரிப்போட சேர்த்துத் தைச்சுப்போட்டன்!”