சுற்றிப் போட்ட ஓட்டு

கடைசிப் பெட்டியைக் கவிழ்த்தார்கள்.

பச்சைச் சீட்டுகள் மேசையில் கொட்டின. மடித்தவை குவிந்தன. மற்றவை உருண்டு ஓடின.

கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்குச் சிரிப்பு வந்தது. சேலை முந்தியை வாயில் வைத்து அழுத்தினாள்.

பீடித் தெருப் பெட்டி.

நீளவாக்கில் மடிக்க வேண்டும் என்று வாக்குச்சாவடியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். இவளும் மடிக்கத்தான் பார்த்தாள். விரல் கேட்கவில்லை. முப்பது வருஷம் இலை சுற்றிய விரல். முத்திரை குத்தியதும் தாளைச் சுற்றி, தலையையும் மடக்கிவிட்டது.

தெருவே அப்படித்தான் போட்டிருக்கிறது.

எண்ணுகிறவர் ஒன்றைப் பிரித்து வைத்தார். கையை எடுத்ததும் அது திரும்பச் சுருண்டுகொண்டது.

"செல்லாது சார். மடிக்காமச் சுத்தியிருக்கு."

சமுத்திரபாண்டி. எதிர் வேட்பாளரின் ஏஜெண்ட்.

பீடிக்கடையில் பீடி பார்க்கிற வேலையும் அவனுக்குத்தான். காலையில் கட்டைப் பிரிப்பான். தலை சரியில்லை என்பான், இடை இளைத்திருக்கிறது என்பான். கை நிறைய அள்ளி ஒதுக்குவான். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது.

இவள் மனுத் தாக்கல் செய்த அன்று கடையில் வைத்தே சொன்னான்: "தோத்தேன்னா இந்தப் பக்கம் வந்திராதக்கா. ஒனக்கு இலை கிடையாது."

நாலு தேர்தலாக ஒரே கட்சி ஜெயித்த ஒன்றிய வார்டு. கவுன்சிலர் செத்துப்போய் இடைத்தேர்தல். இவள் சுயேச்சை. கத்தரிக்கோல் சின்னம் கேட்டாள். பூட்டுசாவி கொடுத்தார்கள். இன்னொரு பெரிய கட்சியின் ஏஜெண்ட் பதினோரு மணிக்கு டீ குடிக்கப் போனவர். இன்னும் வரவில்லை.

இதுவரை எண்பத்திரண்டு ஓட்டு பின்னால் நிற்கிறாள்.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆட்சேபணைன்னா ஒவ்வொண்ணாப் பிரிச்சு எல்லாருக்கும் தூக்கிக் காட்டணும். எழுதி வாங்கணும். சாயந்திரம் ஆயிரும்."

"ஆகட்டும் சார். எரநூறு இருந்தாலும் பாப்போம்."

முதல் சீட்டு. பூட்டுசாவி.

"செல்லாது."

அது தனித் தட்டுக்குப் போனது.

இரண்டாவது. பூட்டுசாவி. மூன்றாவதும்.

"செல்லாது. செல்லாது."

கடையில் ஒதுக்குகிற அதே குரல். இவள் வாயிலிருந்து முந்தியை எடுத்தாள். சிரிப்பு போய்விட்டது. தட்டில் விழுவது ஓட்டு மாதிரித் தெரியவில்லை. நாளைய இலை. நாளைய சோறு.

ஒன்பது விழுந்துவிட்டது.

பத்தாவதை எண்ணுகிறவரால் பிரிக்க முடியவில்லை. இழுக்க இழுக்க இறுகியது.

"இதென்னங்க, எதிர்ப்பக்கமாச் சுத்தியிருக்கு?"

இவள் பார்த்தாள். சமுத்திரபாண்டியும் பார்த்தான்.

ஊரில் இடக்கையால் பீடி சுற்றுகிறவள் ஒருத்திதான். உலகம்மாள். கடையில் அவள் கட்டை மட்டும் அவன் பிரிக்காமலே வாங்கிக்கொள்வான்.

பிரித்தால் ராத்திரிச் சோறு கிடைக்காது. அவன் பெண்டாட்டி.

தாள் விரிந்தது.

பூட்டுசாவியின் நட்டநடுவில் முத்திரை. அழுத்திக் குத்தியதில் மை பின்பக்கம் தெரிந்தது.

அலுவலர் அதை வாங்கி, எல்லோருக்கும் காட்டக் கையை உயர்த்தினார்.

"வேண்டாம் சார்."

"ஆட்சேபணை?"

"இல்ல சார்."

"இதுக்கு மட்டுமா?"

"எதுக்குமே இல்ல. அந்த ஒம்பதையும் சேத்திருங்க."

பக்கத்தில் நின்ற கட்சிக்காரன் முழங்கையால் இடித்தான். "என்னவே, கோட்டி பிடிச்சிட்டா?"

சமுத்திரபாண்டி அவன் பக்கம் திரும்பவே இல்லை. கண் அந்தச் சீட்டிலேயே இருந்தது. "எல்லாத்தோடயும் கலந்திருங்க சார். சீக்கிரம்."

கலந்தார்கள்.

ஐம்பது ஐம்பதாகக் கட்டினார்கள். எதிராளியின் கட்டுகள் செங்கல்போல அடுக்கி இருந்தன. இவள் கட்டுகள் படியவில்லை. ரப்பர் பேண்டைத் தள்ளிக்கொண்டு உப்பி நின்றன.

முப்பத்தாறு ஓட்டு வித்தியாசம்.

மேளத்துக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. ஜெயிப்போம் என்று நினைத்தால்தானே. வாசலில் பெண்கள் பீடித் தட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு அடித்தார்கள். தட்டில் ஒட்டியிருந்த தூள் பறந்தது. தும்மிக்கொண்டே அடித்தார்கள்.

"ஏளா கவுன்சிலரு!" முப்பிடாதி கத்தினாள். "குழாய்ல தண்ணி வரலேன்னா கொடத்தோட ஒன் வீட்டுல வந்து உக்காந்துருவேன், பாத்துக்கோ!"

"வாளா. சும்மா இருக்காம இலையை வெட்டிக் குடு."

கேட்டுக்குப் பக்கத்தில் சமுத்திரபாண்டி நின்றான். தொண்டையைச் செருமினான்.

"யக்கா. யார்ட்டயும் சொல்லிராதக்கா."

"எதைடே?"

அவன் இவள் முகத்தையே பார்த்தான். பிறகு செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டான்.

"காலையில இலைக்கு வாரேன். ஓட்டை இல்லாததா எடுத்து வை."

குனிந்தபடியே தலையை ஆட்டினான்.

அதற்குள் கூட்டம் இவளை இழுத்துக்கொண்டது. ஒருத்தி காகிதப் பொட்டலத்தைக் கிழித்தாள். சீனி. ஆளாளுக்கு அள்ளினார்கள். வாயில் பாதி, கழுத்தில் பாதி. சீனியோடு புகையிலை வாசம். போதும்ளா போதும்ளா என்று முகத்தைத் திருப்பினாள்.

தோள்களுக்கு நடுவிலிருந்து இன்னொரு கை நீண்டது.

இடக்கை.

வாயை நன்றாகத் திறந்தாள்.