உதார்

“பார்த்து ஆடும்மா. இவருக்கு இங்க பேரே சுவருதான். மூஞ்சியப் பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது” என்று சிரித்தான் ஜெலியோ.

புதிதாக வந்திருந்த ரலிட்சா தலையை மட்டும் ஆட்டினாள். முப்பது வயதிருக்கும். கண்களில் தூக்கம் மிச்சமிருந்தது.

ஸ்டாமெனுக்கு உள்ளூரப் பெருமை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்ரோவோ ஊரில், பிலியர்ட்ஸ் கூடத்து மாடியில் ஞாயிறு மாலை நடக்கும் இந்தச் சின்ன போக்கர் போட்டிக்குத் தவறாமல் வருவார். ஜெயித்தது குறைவு. ஆனால் நல்ல சீட்டு இல்லாமலே அவர் உதார் விடுவதை இதுவரை யாரும் பிடித்ததில்லை. இன்று ஜெயிக்கிறவர் வார்னாவில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். கடைசி மேசைவரை வந்துவிட்டார். ஒரு தடவையாவது அந்தக் கடலோர ஊரில் போய் ஆடிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

முதல் ஆட்டத்தில் அவர் கையில் உருப்படியாக ஒன்றுமில்லை. இருந்தாலும் பந்தய வில்லைகளைக் குவியலாக நடுவில் தள்ளினார். மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். ரலிட்சா மட்டும் யோசித்தாள்.

“குளிருதாம்மா? சன்னலச் சாத்தச் சொல்லட்டுமா?” என்றார் ஸ்டாமென்.

அவள் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “வேண்டாங்க. நானும் வைக்கிறேன்.”

அவளிடம் இருந்தது வெறும் இரண்டு ஒன்பது. அதை வைத்துக்கொண்டு அத்தனையையும் அள்ளிக்கொண்டாள்.

“சுவர்ல விரிசல் விட்டுடுச்சுண்ணே!” என்றான் ஜெலியோ.

“குருட்டு அதிர்ஷ்டம்டா” என்றார் ஸ்டாமென்.

அடுத்து அவருக்கு இரண்டு ராஜா வந்தது. மேசையில் எல்லாருக்கும் பொதுவாக விரிக்கும் சீட்டில் மூன்றாவது ராஜாவும் விழுந்தது. இப்படிச் சீட்டு வந்து எத்தனை நாளாயிற்று! வாயைத் திறக்காமல் வில்லைகளை நகர்த்தினார். இவள் எப்படியும் வருவாள், விட்டதையெல்லாம் வாங்கிவிடலாம்.

ரலிட்சா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் சீட்டுகளை எல்லாருக்கும் காட்டிவிட்டுக் கவிழ்த்தாள். இரண்டு ஏஸ்!

“ஏம்மா, ஏஸ் ஜோடியப் போயா கவுக்குற?” என்று அலறினான் ஜெலியோ.

“அவருகிட்ட அதவிடப் பெருசு இருக்கு” என்றாள்.

ஸ்டாமெனுக்குக் குழப்பமாகிவிட்டது. மூக்குக்கண்ணாடியில் சீட்டு தெரிகிறதோ? கழற்றிப் பையில் போட்டார். பின்னால் யாராவது நின்று ஜாடை காட்டுகிறார்களோ? திரும்பினார். வெறும் சுவர்தான்.

“கிரும், சீட்டுக்கட்ட மாத்து” என்றார் சீட்டுப் போடுகிறவனிடம்.

“இப்பத்தானே பிரிச்சேன், அண்ணே.”

“மாத்துன்னா மாத்தேன்.”

புதுக்கட்டு வந்தது. நிலைமை மாறவில்லை. அவர் நல்ல சீட்டோடு இருந்தால் ரலிட்சா ஒதுங்கினாள். உதார் விட்டால் துணிந்து வந்து நின்றாள். அவருடைய மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு ஆடுவதுபோல இருந்தது.

கடைசியில், ஒரே இனத்தில் அஞ்சு சேர்ந்தால் ஜெயிக்கலாம் என்ற நிலையில், நாலு ஆர்டின் சேர்ந்து, அஞ்சாவது வராமலே போயிற்று. கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. இதில் விட்டால் வார்னா இல்லை. இருந்த மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். முகத்தில் ஒரு நரம்பு ஆடவில்லை.

“காப்பி ஆறிப்போச்சே. சூடா வேற ஒண்ணு சொல்லட்டாம்மா?”

ரலிட்சாவின் முகம் ஒரு கணம் வாடியதுபோல் இருந்தது. “மன்னிச்சுக்குங்க ஐயா” என்று சொல்லிவிட்டுச் சரிக்குச் சரி வைத்தாள். அவளிடம் வெறும் இரண்டு அஞ்சு. அதற்கே ஸ்டாமென் வெளியேறினார்.

இடைவேளை விட்டதும் மாடிப்படியருகே அவளை மடக்கினார்.

“நீ ஏமாத்தினேன்னு சொல்லலம்மா. ஆனா எப்படின்னு தெரியாமப் போனா எனக்குத் தூக்கம் வராது. என் மூஞ்சியில என்னத்தப் பார்த்த?”

“மூஞ்சியில ஒண்ணுமில்ல ஐயா. நெசமாவே சுவருதான். பொய் சொல்றப்ப மட்டும் எதிர்ல இருக்கறவங்கள அன்பா விசாரிக்கிறீங்க. குளிருதா, காப்பி வேணுமான்னு.”

ஸ்டாமென் பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். “இத்தனை வருஷமா ஒருத்தனும் கண்டுபிடிக்கலியே. நீ இன்னிக்குத்தானே என்னைப் பார்க்குற?”

“நானா கண்டுபிடிக்கலைங்க. இன்னொருத்தங்க சொல்லிக் கேட்டது. உங்க பேரு ஸ்டாமென்னு தெரிஞ்சதும் அவரா இருக்குமோன்னு தோணுச்சு. நீங்க குளிருதான்னு கேட்டதும் முடிவே பண்ணிட்டேன்.”

“யாரும்மா சொன்னது?”

ரலிட்சா தயங்கினாள். “பென்கா அம்மா. அவங்க இருக்குற முதியோர் காப்பகத்துல நான் ராத்திரி நர்ஸ்.”

ஸ்டாமென் ஒரு படி கிட்டே வந்தார்.

“என் பொண்டாட்டியா? அவளுக்கு என்னையே அடையாளம் தெரியலியேம்மா. இன்னிக்குக் காலையில போனப்பகூட ‘நீங்க யாரு’ன்னுதானே கேட்டா?”

“உங்க பேரு நெனப்புல இல்லதான், அது நான் பதிவேட்டுல பார்த்தது. ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை ராத்திரியும் என்கிட்ட ஒண்ணு சொல்லுவாங்க” என்றாள் ரலிட்சா. “‘இன்னிக்கும் அந்த மனுஷன் குளிருதான்னு கேட்டுட்டுத்தான், அடுத்த வாரம் உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு. கூட்டிட்டுப் போக மாட்டாரு, எனக்குத் தெரியும். பாவம், மனசு ஒடிஞ்சிடுவாருன்னு நானும் நம்பற மாதிரியே சிரிச்சு வச்சேன்.’”